புதுப்பிப்பு: லோங்காங்கில் (சாக்கடையில்) விழுந்த ஆர்சி லாரி

போன மாதம் கேட்டிருந்தேனே: சுங்கை சிப்புட்டில் மழை விட்டதும் செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் ஓட்டினால், ரிமோட்டில் ஓடும் என் ஆர்சி லாரியின் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று. ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரை, ஈரம் படாமலிருக்கப் பலூனுக்குள் கட்டச் சொன்னீர்கள். கட்டினேன். அவிழ்த்தால் உள்ளே வியர்த்துக் கிடந்தது! நம்ம ஊர் புழுக்கத்துக்கு அது சரிப்படாது.

அப்புறம் ரிசீவர் போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட்டு, ஈரத்தைத் தடுக்கும் சிலிகோன் கோட்டிங்கை இரண்டு தடவை பூசினேன். பிளக் ஊசியில் பட்டால் கரண்ட் போகாது, அங்கே கவனம். கோட்டிங்கில் ஒளிரும் சாயம் கலந்திருக்கிறது. மாமா கடையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை வாங்கி அடித்தேன். போர்டு முழுக்க நீலமாக மின்ன, ஒரு கெப்பாசிட்டர் கால் மட்டும் கறுப்பாக நின்றது. அதையும் பூசினேன்.

ஆனால் நடுக்கம் நிற்கவில்லை. குற்றவாளி, சக்கரத்தைத் திருப்பும் சர்வோ மோட்டார்! மூடியைத் திறந்தால் உள்ளே செம்மண் குழம்பு. கழுவிக் காயவைத்து, மூடி விளிம்பிலும் தண்டைச் சுற்றியும் கிரீஸ் வைத்தேன். தண்டு எவ்வளவு திரும்பியது என்று அளக்க உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் கோட்டிங் படவே கூடாது.

நேற்று லாரி லோங்காங்கில் குப்புற விழுந்தது. தூக்கி வைத்தேன், ஓடியது. சக்கர பேரிங்தான் இன்றைக்குக் கரகரக்கிறது. எண்ணெய் விடாதது என் சோம்பேறித்தனம்.