ஏழு மாதக் குழந்தைக்குக் காலில் ஆறாவது விரல்: எப்போது எடுப்பது?

கேள்வி (தென்காசி அம்மா)

என் மகளுக்கு வலது காலில், சுண்டுவிரலை ஒட்டி வெளிப்பக்கமாக இன்னொரு விரல் இருக்கிறது. அரிசி போல நகமும் உண்டு. காலை உதைக்கும்போது சுண்டுவிரலோடு சேர்ந்து மடங்குகிறது. ஆறு விரல் அதிர்ஷ்டம், கத்தி படக் கூடாது என்கிறார் என் மாமியார். ஆறு விரலோடு பிறந்து மூன்று கடை வைத்த கணவரின் சித்தப்பாவை உதாரணம் காட்டுகிறார். பக்கத்து வீட்டுப் பாட்டியோ, நூலை இறுக்கிக் கட்டினால் தானாக உதிர்ந்துவிடும் என்கிறார். இப்போதே எடுக்க வேண்டுமா, நடந்த பிறகா? இரவில் பால் கொடுக்கும்போது அந்த விரலைத்தான் தடவிக்கொண்டிருக்கிறேன்.

பதில் 1 (இரு பிள்ளைகளின் அப்பா)

அம்மா, நூல் மட்டும் வேண்டவே வேண்டாம். மடங்குகிறது என்றால் உள்ளே எலும்பும் மூட்டும் இருக்கலாம். நூல் கட்டினால் சீழ் பிடிக்கும், ரத்தம் கசியும், வலிக்கிற முண்டு ஒன்று மிஞ்சும்.

என் மகளுக்கும் இதே இடத்தில்தான் இருந்தது. பிறந்த மறுவாரமே எடுத்துவிடச் சொல்லி மருத்துவரிடம் மன்றாடினேன். அவர் அவசரப்படவில்லை. பச்சைக் குழந்தையின் எலும்பில் பெரும்பகுதி குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் முழுதாகத் தெரியாது; ஒரு வயதை ஒட்டிச் செய்தால் மயக்க மருந்தையும் உடம்பு நன்றாகத் தாங்கும் என்றார். பதினான்காம் மாதத்தில் செய்தோம். எந்த விரலை எடுப்பது என்பதையே எக்ஸ்ரே பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். சிலருக்கு ஆறாவதை வைத்துக்கொண்டு ஐந்தாவதை எடுப்பார்களாம். எது பாதத்தோடு நேராகச் சேர்ந்திருக்கிறதோ அதுதான் நிற்கும். மூன்று வாரம் கட்டு. பிறகு ஓட்டம்தான்.

சித்தப்பாவுக்கும் இருந்தது என்கிறீர்கள். வம்சத்தில் வருவதுதான். ஆனாலும் குழந்தை நல மருத்துவர் ஒருமுறை இதயம், மற்ற உறுப்புகள் எல்லாவற்றையும் பார்த்துவிடட்டும்.

பதில் 2 (ஆறு விரல்காரர், வயது 41)

எனக்கு எடுக்கவில்லை. நடையில் குறையில்லை, செருப்பில்தான் குறை. பள்ளி ஷூ ஒவ்வொன்றும் அந்த விரலைத் தேய்த்துக் காய்ப்பு ஏற்றியது. 2018 ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லானில் (ஏழு தடகளப் போட்டிகள் சேர்ந்தது) தங்கம் வென்ற இந்திய வீராங்கனை ஸ்வப்னா பர்மனுக்கு இரண்டு காலிலும் ஆறாறு விரல்கள். அவரும் ஷூ வலியைத்தான் சொன்னார். வலிக்காமல், ஷூவில் அடங்கி இருந்தால் விட்டுவிடலாம். விரல் வெளியே துருத்தி நின்றால், ஷூ போடும் வயதுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

தென்காசி அம்மா

வியாழக்கிழமை எலும்பு மருத்துவரிடம் போகிறோம். மாமியாரும் வருகிறார். ஒரே சந்தேகம்: மூன்று வாரமும் கட்டு நனையாமல் எப்படிக் குளிப்பாட்டினீர்கள்?

இரு பிள்ளைகளின் அப்பா

குளிப்பாட்டவே இல்லை அம்மா. வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து துடைத்தோம். தலைக்கு மட்டும், மடியில் குப்புறப் போட்டு அவள் பாட்டி ஊற்றினார்.