சுவரில் பூஞ்சை: ஓனர் பொறுப்பா, ஜன்னல் திறக்காதவர் பொறுப்பா?

மடிப்பாக்கம் வாடகைவாசி:
நேற்று இங்கே ஒருவர் "சுவரில் பூஞ்சை பிடிப்பது ஜன்னல் திறக்காத வாடகைக்காரர்களால்தான், ஓனருக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை" என்று எழுதிவிட்டு லைக் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் படுக்கையறைக்கு நேர் மேலே மாடி வீட்டு பாத்ரூம். அங்கே குழாய் கசிகிறது, இங்கே சுவர் கறுக்கிறது. ஓனரிடம் சொன்னால் ஆள் அனுப்பி கறுப்பின் மேலேயே பெயிண்ட் அடித்தார், அடுத்த மழைக்கு எல்லாம் உரிந்து விழுந்துவிட்டது. என் மகளுக்கு ராத்திரியானால் வீசிங். இதில் ஜன்னல் எங்கே வந்தது?

மூன்றுவீட்டு ஓனர்:
எழுதியது நான்தான். ஒரே கேள்வி: ஜன்னலைத் திறந்தீர்களா? ஏசி போட்டு நாள் முழுக்கப் பூட்டி வைப்பது, மழைக்காலத்தில் ஹாலுக்குள் கொடி கட்டி ஈரத்துணி காயப்போடுவது, பீரோவைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவது, பிறகு கறுத்துவிட்டது என்று ஓனருக்குப் போன். என் வீடுகளில் வந்ததெல்லாம் இப்படித்தான்.

நர்ஸ் அக்கா:
சார், உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வீட்டு ஈரமும் பூஞ்சையும் பற்றித் தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஈரமான வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல், வீசிங், ஆஸ்துமா கூடுதலாக வருகிறது. இவ்வளவு பூஞ்சை வரை பரவாயில்லை என்று அவர்கள் எந்த அளவும் சொல்லவில்லை, ஈரத்தையே நிறுத்து என்கிறார்கள். ஈரம் வரும் வழியை அடைக்காமல் பெயிண்ட் அடிப்பது வீண். நனைந்த இடத்தை ஒன்றிரண்டு நாளில் உலர்த்தாவிட்டால் பூஞ்சை கிளம்பிவிடும். இன்னொன்று, 2021-ல் கொரோனா நோயாளிகளுக்கு வந்த கறுப்பு பூஞ்சை வேறு, இது வேறு. தயவுசெய்து அதை இழுக்காதீர்கள்.

மூன்றுவீட்டு ஓனர்:
ஈரத்தை நிறுத்து என்றால் ஜன்னலைத் திற என்றுதானே அர்த்தம்? நானும் அதைத்தான் சொல்கிறேன். நன்றி மேடம்.

மடிப்பாக்கம் வாடகைவாசி:
குழாய்க் கசிவுக்கு ஜன்னல் திறந்தால், கொசுதான் வரும்.

எழும்பூர் வக்கீல்:
ஜன்னலை விடுங்கள். நம் மாநிலத்தின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாவது அட்டவணையில் கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, தேவைப்பட்டால் குழாய் மாற்றுவது எல்லாம் ஓனர் தலையில்தான் இருக்கிறது. அவர் மறுத்தால் வாடகைக்காரரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவிலும் ஏறக்குறைய இதுவே. அதனால் முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், போட்டோ எடுத்து வையுங்கள்.

மூன்றுவீட்டு ஓனர்:
வக்கீல் சார் பாதியை முழுங்கிவிட்டார். வாடகைக்காரர் கெடுத்ததால் வந்த அமைப்புப் பழுது அதில் சேராது என்று அதே அட்டவணையில் இருக்கிறதே? ஜன்னலைப் பூட்டி வைத்துச் சுவரைக் கெடுத்தது யார்?

எழும்பூர் வக்கீல்:
அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள் சார். ஜன்னலுக்கு சிசிடிவி வைத்திருக்கிறீர்களா?

லண்டன் மாப்பிள்ளை:
இங்கே இங்கிலாந்தில், ராச்டேல் என்ற ஊரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டுப் பூஞ்சைதான் காரணம் என்று 2022-ல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அப்பா முதலில் புகார் செய்தபோது கிடைத்த பதில், மேலே பெயிண்ட் அடித்துக்கொள் என்பதுதான். அந்தக் குடும்பம் குளிக்கும் விதத்தின் மேலும் பழி போட்டுப் பார்த்தார்கள். இப்போது அவன் பெயரிலேயே சட்டம் வந்துவிட்டது, புகார் வந்தால் கெடுவுக்குள் சரிசெய்ய வேண்டும். இங்கே சிலர் பேசுவதைப் பார்த்தால் அதே வசனம் கேட்கிறது.

மூன்றுவீட்டு ஓனர்:
அது சமூக வாடகை வீடுகளுக்கான, அதாவது உள்ளாட்சியும் வீட்டுவசதி அமைப்புகளும் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் வீடுகளுக்கான சட்டம் தம்பி, என்னைப் போலத் தனி ஓனருக்கு இல்லை. லண்டனில் உட்கார்ந்துகொண்டு வேளச்சேரி வீட்டுக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம். 2015 டிசம்பரில் என் தரைத்தள வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது, 2023 மிக்ஜாம் புயலிலும் புகுந்தது. இரண்டு தடவையும் என் காசில்தான் சுவரைக் கொத்திப் பூசினேன். அப்போது எந்த வாடகைக்காரர் பாதி கொடுத்தார்? அங்கே குளிரில் ஜன்னல் திறக்க முடியாது, இங்கே என்ன கேடு?

மாடிவீட்டு மாலதி:
மேல் வீடு என்றாலே குற்றவாளியா? எங்கள் அபார்ட்மெண்டிலும் இதே கதை. கீழ் வீட்டில் கசிகிறது என்று என் பாத்ரூம் டைல்ஸை உடைத்தார்கள். கடைசியில் பார்த்தால் வெளிச்சுவரில் போகும் பொதுக்குழாய் ஓட்டை. அசோசியேஷன் செயலாளர் இன்று வரை டைல்ஸ் காசு தரவில்லை. அவரும் இங்கேதான் இருக்கிறார், தண்ணி லாரிக் கணக்கில் என்னோடு சண்டை போட்டவர்.

செயலாளர்:
பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்கள் டைல்ஸ் பற்றிப் பேசக் கூடாது.

மாடிவீட்டு மாலதி:
ரசீது கொடுத்தால் கட்டுவேன்.

மூன்றுவீட்டு ஓனர்:
இதற்கு நடுவில் மடிப்பாக்கத்துக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஜன்னல், ஐயா, ஜன்னல்.

மடிப்பாக்கம் வாடகைவாசி:
திறந்துதான் இருக்கிறது. போதுமா? இப்போது நீங்கள் சொல்லுங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கிறீர்களே, வெள்ளையடிப்பது ஓனர் செலவு என்று வக்கீல் இப்போதுதானே சொன்னார்?

மூன்றுவீட்டு ஓனர்:
அது ஊர் வழக்கம். பத்து மாத அட்வான்ஸ் கொடுக்கும்போது தெரியாதா?

எழும்பூர் வக்கீல்:
அதே சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத அட்வான்ஸ்தான்.

மூன்றுவீட்டு ஓனர்:
மூன்று மாதத்துக்கு வீடு கொடுக்கிற ஓனரை முதலில் கூட்டிவாருங்கள், பிறகு பேசலாம்.