தூக்குத் தண்டனையைச் சட்டத்திலிருந்தே நீக்க வேண்டுமா?

உவர்மலை வாசகர்:
1976 ஜூனுக்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆயினும் நீதிமன்றங்கள் இன்றும் மரண தண்டனை விதிக்கின்றன. 2019இல் போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிட ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையொப்பமிட்டபோது உயர் நீதிமன்றமே இடைக்காலத் தடை விதித்தது. நடைமுறையில் இல்லாத தண்டனையைச் சட்டத்திலிருந்தே நீக்கினால் என்ன?

மூதூர் வாசகர்:
ஐயா, எனக்கு இதில் தயக்கம் உண்டு. 1996இல் எங்கள் பக்கத்துக் குமாரபுரத்தில் 24 பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கில், இருபது ஆண்டுகள் காத்திருந்த பின்னர் குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினர் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். யாழ்ப்பாண மாவட்டத்தின் மிருசுவிலில் பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கில் 2015இல் மரண தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாயோ 2020இல் ஜனாதிபதியின் பொது மன்னிப்பில் வெளியே வந்தார். இந்நிலையில் நீக்கம் பற்றிப் பேசினால், இழந்தவர்களுக்கு அது இன்னொரு கைவிடலாகத்தானே தோன்றும்?

நிலாவெளி வாசகர்:
உங்கள் வேதனை நியாயமானது. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு வழக்குகளிலும் தூக்குக் கயிறு சட்டத்தில் இருந்தது. அது எவருக்கும் நீதி பெற்றுத்தரவில்லை. மறுபுறம், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தையே சான்றாக ஏற்க இடமளிக்கிறது. சித்திரவதையால் பெறப்பட்டதென்று பின்னர் தெரியவரக்கூடிய வாக்குமூலத்தின் பேரில் ஓர் இளைஞனைத் தூக்கிலிட்டுவிட்டால், எந்த மேன்முறையீடு அவனைத் தாயிடம் திருப்பித் தரும்? நீக்கத்தோடு, பாரதூரமான குற்றங்களுக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரத்துக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்றே நான் கேட்பேன்.

மூதூர் வாசகர்:
அந்தக் கட்டுப்பாடு முதலில் வரட்டும். பிறகு தூக்குத் தண்டனையை நீக்கக் கோரி நானும் உங்களோடு கையெழுத்திடுவேன்.