திருகோணமலையில் பயிற்சிப் பாடங்களுக்கு மாணவர்கள் தேவை

வணக்கம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் முதுகலைப் பயிற்சியில் இருப்பவர்களுக்கு, பாடம் நடத்திப் பார்க்க 18 வயதுக்கு மேற்பட்ட 24 பேர் தேவை. தொடக்கநிலை 12, இடைநிலை 12. இரண்டையும் ஒரே வகுப்பில் போட்டால் தெரிந்தவர் மட்டுமே கதைப்பார். பாடத்தைக் கவனிக்கும் மேற்பார்வையாளருக்கு மதிப்பிட எதுவும் மிஞ்சாது. (செல்டா (CELTA) என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழிலும் 6 மணி நேரக் கற்பித்தலை இரு நிலைகளில்தான் கேட்கிறார்கள்.)

தமிழ், சிங்களம் இரண்டும் பேசுபவர்கள் கலந்திருந்தால் நல்லது. தமிழ் எழுத்தில் 'ப' ஒன்றே p, b என்ற இரு ஒலிக்கும் நிற்பதால் 'pin', 'bin' போன்ற சொற்களில் தடுமாற்றம் வரும். சிங்கள எழுத்தில் இரண்டும் தனித்தனி. ஆனால் 'ஸ்கூல்' இருவர் வாயிலும் 'இஸ்கூல்' ஆகலாம். ஆங்கில 'the' போன்ற சுட்டிடைச்சொல் இரு மொழியிலும் இல்லை. பாடக்குறிப்பில் 'எதிர்பார்க்கும் பிழைகள்' பகுதியை நிரப்ப இதுதான் சரக்கு.

கேள்வி இதுதான்: நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல் ஊழியர்கள் மே முதல் செப்டெம்பர் வரை ஓய்வில்லாமல் இருப்பார்கள். நவம்பரில் வைத்தால் மழை. மூதூர், கிண்ணியா ஆட்கள் பாதியில் நின்றுவிடுவார்கள். எந்த மாதம், எத்தனை மணிக்கு வைக்கலாம்? உவர்மலைப் பக்கம் மின்விசிறிச் சத்தம் குறைந்த அறை கிடைக்குமா? பாடத்தை ஒலிப்பதிவு செய்யும்போது அதுதான் முதல் எதிரி.