ஏகாதசி வியாழனா, வெள்ளியா? பாரணை எத்தனை மணிக்கு?

துளசிமாடம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தினசரி காலண்டரில் புதன்கிழமைத் தாளில் "தசமி பின்னிரவு 5.10 வரை" என்று இருக்கிறது. வியாழன் தாளில் "ஏகாதசி பின்னிரவு 3.40 வரை", வெள்ளித் தாளில் "துவாதசி பின்னிரவு 2.30 வரை". சூரிய உதயம் 6.20. விரதம் வியாழன் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் பலகையிலோ வெள்ளிக்கிழமை ஏகாதசி. எதை எடுத்துக்கொள்வது? பாரணை (விரதம் முடித்துச் சாப்பிடுவது) எப்போது? ஜவ்வரிசி உப்புமா சாப்பிடலாமா? மாமியாருக்கு 68 வயது, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார், அவரும் இருக்க ஆசைப்படுகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாழிகை60:

முதலில் அந்தப் "பின்னிரவு 5.10"ஐச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள் அம்மா. நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். பஞ்சாங்க நாள் உதயத்தில் தொடங்கி மறு உதயத்தில் முடியும். புதன் தாளில் பின்னிரவு 5.10 என்றால் அது வியாழன் விடிகாலை 5.10. புதன் காலை என்று நினைத்துக்கொண்டால் ஒரு நாள் முன்னாடியே பட்டினி கிடக்க நேரிடும்.

இனி கணக்கு. உதயத்துக்கு முந்தைய 4 நாழிகை அருணோதயம். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஆக 96 நிமிடம். உங்கள் உதயம் 6.20 என்றால் அருணோதயம் 4.44க்குத் தொடங்குகிறது. தசமி 5.10 வரை நிற்பதால் அருணோதயத்தைத் தொட்டுவிட்டது, உதயத்தைத் தொடவில்லை. ஸ்மார்த்தர்களுக்கு (ஐயர் முதலானவர்கள்) உதய வேளையில் தசமி இல்லாவிட்டால் போதும், ஆகவே வியாழன். வைஷ்ணவர்களுக்கும் மத்வாசாரியார் வழியினரான மாத்வர்களுக்கும் அருணோதயத்தில் தசமி துளி ஒட்டியிருந்தாலும் அது தசமி வேதை, அதாவது தசமி கலந்த தோஷம். அந்த நாளை விட்டுவிட்டு மறுநாள் துவாதசியில் உபவாசம், ஆகவே வெள்ளி. காலண்டரும் சரி, கோயில் பலகையும் சரி. உங்கள் வீட்டுச் சம்பிரதாயம் எதுவோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என்று மாற்றாதீர்கள்.

நாழிகைக் கணக்கில் அச்சிட்ட பஞ்சாங்கம் கையில் இருந்தால் இன்னும் சுலபம். உங்கள் தசமி அதில் 57.05 என்று, அதாவது 57 நாழிகை 5 விநாடி என்று நிற்கும். 56ஐத் தாண்டினால் அருணோதய வேதை, 60ஐத் தாண்டினால் உதய வேதை. இந்த இரண்டு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பாரணை: துவாதசியின் முதல் கால் பாகம் ஹரிவாசரம், அதில் சாப்பிடக் கூடாது. உங்கள் துவாதசி வெள்ளி விடிகாலை 3.40 முதல் சனி விடிகாலை 2.30 வரை, 22 மணி 50 நிமிடம். அதில் கால் பாகம் 5 மணி 42 நிமிடத்துக்குச் சற்று மேல். ஆக வியாழன் விரதம் இருப்பவர்களுக்கு வெள்ளி காலை 9.23க்குப் பிறகுதான் பாரணை. ஆறு மணிக்கே இலை போட்டுவிடாதீர்கள். மத்தியானத்துக்கும் தள்ளாமல் 11 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. வெள்ளி விரதம் இருப்பவர்களுக்கு சனி உதயத்தில் திரயோதசி வந்துவிடுகிறது. அவர்கள் உதயமானதும் பாரணை செய்யலாம், ஹரிவாசரம் அப்போது கிடையாது.

இதற்கு நேர்மாறாகவும் வரும். துவாதசி உதயத்துக்குப் பிறகு கொஞ்ச நேரமே மிஞ்சும் மாதங்களில் அதற்குள் பாரணை முடிந்தாக வேண்டும். சமையல் ஆகவில்லை என்றால் துளசி தீர்த்தம் ஒரு உத்தரணி உட்கொண்டு பாரணையை முடித்துவிட்டு, சாப்பாட்டைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அரங்கன்வாசல்:

நாழிகை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சில சமயம் வேதையால் அல்ல, பஞ்சாங்கத்தாலேயே நாள் மாறும். பழைய சூத்திரங்களால் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தில் திதி அளவுக்கு "பாண விருத்தி ரச க்ஷயம்" என்பது விதி. பாணம் 5, ரசம் 6. 60 நாழிகைக்கு மேல் 5 கூடலாம், 6 குறையலாம், அதாவது 54 முதல் 65 வரை. இன்றைய வானியலை ஒட்டிக் கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் வளர்ச்சி 7, தேய்வு 10 வரை போகும். அதனால் ஒரே திதியின் முடிவு இரண்டிலும் சில மணி நேரம் விலகி நிற்கும். தசமி முடிவு அருணோதயத்தின் ஓரத்தில் இருந்தால் அந்த விலகலே நாளை மாற்றிவிடும். கோயிலை ஒட்டி விரதம் இருப்பவர்கள் அந்தக் கோயில் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீரங்கத்தில் வாக்கியம்தான்.

வைகுண்ட ஏகாதசிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மார்கழி வளர்பிறை ஏகாதசி மாதக் கடைசியில் விழுந்தால், அன்று தொடங்கும் பத்து நாள் இரவு உற்சவமான இராப்பத்து தைக்குள் நுழைந்து தை உற்சவத்தோடு மோதும். அந்த வருஷம் ஸ்ரீரங்கத்தில் மட்டும் கார்த்திகையிலேயே நடத்திவிடுவார்கள். 2021இல் அங்கே டிசம்பர் 14ஆம் தேதி பரமபத வாசல் திறந்தது. திருமலை முதலான மற்ற தலங்களில் 2022 ஜனவரி 13. அந்த வருஷம் இரண்டு தேதியையும் பார்த்துக் குழம்பியவர்கள் ஏராளம்.

அடுக்களைக்காரி:

துளசிமாடம் அக்கா, ஜவ்வரிசி தாராளமாகச் சாப்பிடலாம். பெயரில்தான் அரிசி, மற்றபடி சேலம் பக்கத்து ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்வது. தானியம் இல்லை. (சில ஆசார வீடுகளில் மரவள்ளியே சேர்ப்பதில்லை, உங்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.) ஆனால் தாளிப்பில் பெருங்காயம் போடாதீர்கள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவின் பின்புறம் பாருங்கள். கடுகு உளுந்து தாளிக்கும் பழக்கத்தில் கை தானாக உளுந்துக்குப் போகும், அதையும் கவனியுங்கள். மிளகு, சீரகம், கறிவேப்பிலை, தேங்காய் போதும். ஜவ்வரிசி மூழ்குவதற்கு ஒரு விரல் மேலே தண்ணீர் விட்டு ஊறவைத்தால் பசை மாதிரி ஆகிவிடும். நனையும் அளவுக்கு மட்டும் தெளித்து, மணியை விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் மசிய வேண்டும், அதுதான் பதம்.

பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் வேண்டும். புளி கிடையாது. நாலு பேருக்கு அகத்தி இரண்டு கைப்பிடி போதும். காம்பும் நரம்பும் நீக்கி இலையை மட்டும் உருவி, பொடியாக அரிய வேண்டும். பெரிதாக அரிந்தால் நாரும் கசப்பும் வாயில் நிற்கும். இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பை முக்கால் பதம் வேகவைத்து அதில் கீரையைப் போட்டு, மூடாமல் வேகவிடுங்கள். மூடினால் நிறமும் போகும், கசப்பும் ஏறும். கீரை சுருங்கிய பிறகே உப்பு, கடைசியில் ஒரு பிடி தேங்காய்த் துருவல். நாலு நெல்லிக்காயைத் துருவி, தேங்காய் அரைத்துத் தயிரில் கலந்தால் புளிப்புக்குப் பச்சடி ஆயிற்று. சுண்டை வற்றலை நெய்யில் சின்னத் தீயில் வறுங்கள், கறுத்தால் கசப்பு தாங்காது. வெறும் வயிற்றில் அகத்தியை அள்ளிப் போடாதீர்கள், வயிறு இளகிவிடும். சித்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அகத்தி வேண்டாம், அது மருந்தை முறிக்கும் என்பது வைத்தியர்கள் சொல்லும் பத்தியம்.

துளசியை துவாதசியில் பறிக்கக் கூடாது. தசமி பகலிலேயே பறித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.

துளசிமாடம்:

நாங்கள் ஸ்மார்த்தர், அப்போது வியாழனே. மாமியார் விஷயம்? லண்டனில் கொழுந்தனாரும் இருக்கிறார். அவருக்கும் இதே நாள்தானா?

நாழிகை60:

லண்டனுக்குத் தனிக் கணக்கு. திதி முடியும் கணம் உலகம் முழுக்க ஒன்றே, உதயம்தான் ஊருக்கு ஊர் வேறு. குளிர்காலத்தில் அவர்கள் நமக்கு ஐந்தரை மணி பின்னால். தசமி அங்கே புதன் இரவு 11.40க்கே முடிந்துவிடுகிறது. உதயம் 8 மணி என்றால் அருணோதயம் 6.24, வேதையே இல்லை. ஆகவே அங்கே வைஷ்ணவர்களுக்கும் வியாழன்தான். ஹரிவாசரமும் வெள்ளி விடியுமுன்னே 3.53க்கு முடிகிறது, எனவே உதயமானதும் பாரணை. இந்திய காலண்டரின் மணியை அப்படியே அங்கே பார்ப்பதுதான் தப்பு.

மாமியாருக்கு: 8 வயதுக்கு மேல் 80 வயதுக்குள் என்பது பொது விதி. ஆனால் தண்ணீர், கிழங்கு, பழம், பால், ஹவிஸ் (வேள்விக்குப் படைப்பது), அந்தணர் வேண்டுகோள், குருவின் சொல், மருந்து, இந்த எட்டும் விரதத்தைக் கெடுக்காது என்று சாஸ்திரமே இடம் கொடுக்கிறது. வேளை மாத்திரையை விழுங்கிவிட்டு உணவை விடுவதுதான் ஆபத்து, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அவருடைய டாக்டரிடம் அந்த ஒரு நாளைக்கு மாத்திரை அளவைக் கேட்டுக்கொண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலோ பழமோ கொடுங்கள். ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து, அவருக்கு வேண்டாம். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் கண்டால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிடுங்கள். அன்று விரதத்தை அதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

அரங்கன்வாசல்:

ஒரு எச்சரிக்கை. உதயத் திதியைப் பார்க்கும் இந்த வழியை மற்ற விரதங்களுக்கு நீட்டாதீர்கள். சங்கடஹர சதுர்த்திக்கு சந்திரோதய வேளையில் சதுர்த்தி வேண்டும். பிரதோஷத்துக்கு அஸ்தமன வேளையில் திரயோதசி, சிவராத்திரிக்கு நள்ளிரவில் சதுர்த்தசி, அமாவாசைத் தர்ப்பணத்துக்கு அபராண்ணத்தில், அதாவது பிற்பகலில், அமாவாசை. உங்கள் தாளையே பாருங்கள்: சனி உதயத்தில் திரயோதசி இருக்கிறது. அது சனி மாலை அஸ்தமனம் வரை நின்றால் அன்று சனிப் பிரதோஷம். சனிக்கிழமைத் தாளில் திரயோதசி எத்தனை மணி வரை என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.