1985இல் வந்த 'மிஸ்டர் பேட் கை': பழைய மிக்ஸைக் கண்டுபிடிப்பது எப்படி?

நண்பர்களே, ஒரு உதவி. குயீன் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவில் இருந்துகொண்டே அதன் பாடகர் பிரெட்டி மெர்குரி 1985இல் வெளியிட்ட தனி ஆல்பம் 'மிஸ்டர் பேட் கை'. மியூனிக்கில் பதிவானது, கிட்டாரைப் பின்னுக்குத் தள்ளி, சிந்தசைசரும் டிஸ்கோ தாளமுமாக அவர் ரசனைக்கே செய்தது. தன் பூனைகளுக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார், அதுவே எனக்கு ரொம்பப் பிடிக்கும்!

2019இல் இதைப் புதிதாக மிக்ஸ் செய்து, அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் புதிய அளவில் மறுபடி கலந்து, வெளியிட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியது, இசைத் தயாரிப்பாளர் ரைன்ஹோல்ட் மேக்குடன் சேர்ந்து பிரெட்டியே தயாரித்து, உயிரோடு இருந்தபோது வெளியிட்ட அந்த மிக்ஸ். பழைய இசைத்தட்டோ சிடியோ வாங்கும்போது அது 1985 மிக்ஸ்தானா என்று எப்படி உறுதிசெய்வது? அட்டையில் ஆண்டைத் தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும்? அப்புறம், சிடியா இசைத்தட்டா, எதில் அவர் குரல் நன்றாக வந்திருக்கிறது? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.