லேத்தில் எம்20 மரை வெட்டும்போது இரண்டாவது பாஸ் தடம் மாறுகிறது, ஹாஃப் நட்டில் கோளாறா?

பட்டறைத் தம்பி:
அண்ணன்மாருக்கு வணக்கம். ஐடிஐ டர்னர் முடித்துவிட்டு கோவையில் ஒரு சின்னப் பட்டறையில் அப்ரண்டிஸாக இருக்கிறேன். லேத்தில் எம்20 (20 மி.மீ. விட்டம்), 2.5 பிட்ச் (மரைக்கு மரை 2.5 மி.மீ. தூரம்) மரை வெட்ட வேண்டும். முதல் பாஸில், அதாவது டூலை முதல் தடவை ஓட்டும்போது, லேசாகக் கீறிப் பார்த்தேன், பிட்ச் கேஜ் சரியாக உட்கார்ந்தது. கேரேஜை மரைத்தண்டோடு பூட்டும் ஹாஃப் நட்டைத் திறந்து, டூலைத் தாங்கும் கேரேஜைக் கையால் பின்னால் கொண்டுவந்து மறுபடி போட்டால், டூல் பழைய கோட்டில் இறங்காமல் மரையின் தலையிலேயே கீறுகிறது. மூன்று பீஸ் வீணாகிவிட்டது, முதலாளி முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. ஐடிஐ-யில் இன்ச்சுக்கு 8 மரையை இப்படித்தான் வெட்டினோம், ஒரு தடவைகூட மாறியதில்லை. இன்னொன்று, டூலை உள்ளே வெளியே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு டயலில் 0.5 மி.மீ. கொடுத்தால் விட்டம் 1 மி.மீ. குறைகிறது, அதுவும் கோளாறா?

பழைய டர்னர்:
தம்பி, ஹாஃப் நட் மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் லீட் ஸ்க்ரூவில் (கேரேஜை இழுக்கும் நீள மரைத்தண்டு) ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஒரு இன்ச்சுக்கு 4 மரை இருந்தால் அது இன்ச் மெஷின். அதில் 8 மரை எங்கே லிவரைப் போட்டாலும் பொருந்தும், ஏனென்றால் லீட் ஸ்க்ரூவின் ஒரு மரைக்குள் உங்கள் மரை இரண்டு முழுசாக அடங்கிவிடுகிறது. 2.5 பிட்ச் அப்படி அடங்காது, லீட் ஸ்க்ரூவின் பிட்ச் 6.35 மி.மீ., அதை 2.5-ஆல் வகுத்துப் பாருங்கள். அதனால் மெட்ரிக் மரைக்கு ஹாஃப் நட்டை ஒருமுறை போட்டால் வேலை முடியும்வரை திறக்கவே கூடாது. பாஸ் முடிந்ததும் கிராஸ் ஸ்லைடை வெளியே இழுத்து, மெஷினை நிறுத்தி, ரிவர்ஸில் ஓட்டித்தான் கேரேஜைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

டயல் கோளாறு இல்லை. உங்கள் டயல் டூல் நகரும் தூரத்தைக் காட்டுகிறது, இரண்டு பக்கமும் சேர்ந்து விட்டம் இரட்டிப்பாகக் குறையும். சில மெஷினில் டயலே விட்டக் கணக்கில் இருக்கும், புது மெஷினில் ஏறினால் ஒரு வெட்டு போட்டு அளந்துவிட்டுத் தொடங்குங்கள்.

பட்டறைத் தம்பி:
பார்த்தேன் அண்ணே, 4 மரைதான். கியர் பெட்டியில் 127 பல் கியர் ஒன்று மாட்டியிருக்கிறது, அது இதற்குத்தானா?

பழைய டர்னர்:
அதேதான். ஒரு இன்ச் 25.4 மி.மீ., அதை 5-ஆல் பெருக்கினால் 127 என்று முழு எண் வரும், இன்ச்சை மில்லிமீட்டராக மாற்றுவது அந்தக் கியர்தான்.

சக் கீ:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பீஸைப் பிடிக்கும் சக், அதைச் சுற்றும் ஸ்பிண்டிலில் மரையால் ஏற்றிய வகையாக இருந்தால், முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போதே லிவரை ரிவர்ஸுக்குத் தள்ளாதீர்கள், சக் கழன்று வரும். எங்கள் பட்டறையில் அப்படிக் கழன்று பெட்டில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, நல்லவேளை யார் காலிலும் விழவில்லை. ஸ்பிண்டில் முழுசாக நின்ற பிறகுதான் ரிவர்ஸ். வேகத்தைக் குறைக்கும் பேக் கியர் போட்டு 60 ஆர்பிஎம்-மில் ஓட்டுங்கள், டூல் நொடிக்கு 2.5 மி.மீ.தான் நகரும், மரை முடியும் இடத்தில் 6 மி.மீ. அண்டர்கட் (டூல் வெளியேறுவதற்கான பள்ளம்) இருந்தால் டூலை இழுக்க நிதானமாக நேரம் கிடைக்கும்.

பட்டறைத் தம்பி:
அப்படியே செய்தேன், மரை விழுந்துவிட்டது! மொத்த ஆழம் 1.53 கொடுத்தேன். நட் பாதி வரை ஏறிவிட்டு இறுகுகிறது.

பழைய டர்னர்:
ஆழம் கூட்டாதீர்கள். அதே டயல் அளவில் எண்ணெய் விட்டு இன்னும் இரண்டு பாஸ் சும்மா ஓட்டுங்கள், டூல் வளைந்து விட்ட மிச்சம் அதில் வந்துவிடும், அப்புறம் நட்டைப் போட்டுப் பாருங்கள். பீஸைச் சக்கிலிருந்து கழற்றாமலே.